நடைபாதைக் கடைக்குப் பணம்: ஸ்வநிதி கடனா, மகளிர் குழுக் கடனா?

நடைபாதையில் இட்லிக் கடையோ பூக்கடையோ வைத்திருக்கும் அக்காக்கள் பலருக்கும், நடைபாதை வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் கடன் வாங்குவதா, மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்குவதா என்ற குழப்பம் இருக்கிறது. தினவட்டிக்கு வாங்குவதைவிட இரண்டுமே எவ்வளவோ மேல், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொகை
ஸ்வநிதி: 2025 மாற்றத்துக்குப் பிறகு முதல் கடன் 15,000 ரூபாய் வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000.
குழு: சேமிப்பையும் குழுவின் நடப்பையும் பொறுத்தது.

வட்டி
ஸ்வநிதி: வங்கி வட்டிதான், ஆனால் தவணை தவறாவிட்டால் 7 சதவீத மானியம் கணக்கில் வந்துவிடும்.
குழு: உள்கடன், அதாவது குழுவின் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குத் தரும் கடன்; அதன் வட்டி குழுவுக்கே திரும்புகிறது.

காகிதம்
ஸ்வநிதி: மாநகராட்சி தரும் விற்பனையாளர் அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். பலர் சிக்குவது இங்கேதான். கணக்கெடுப்பு வந்த அன்று கடை போடாதவர் பெயர் விட்டுப்போய், அப்புறம் மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும், அந்த நாட்களின் வியாபாரமும் போய்விடும்.
குழு: 10 முதல் 20 பேர் சேர்ந்து சேமித்து, கூட்டம் போட்டு, கணக்கு எழுதி, ஆறு மாதமாவது நடத்திக் காட்டினால்தான் வங்கி அசையும்.

பொறுப்பு
ஸ்வநிதி: பிணை இல்லை, கடனுக்கு நீங்கள் மட்டும்தான் பொறுப்பு.
குழு: இதற்கும் சொத்துப் பிணை இல்லை, ஆனால் ஒருவர் கட்டாவிட்டால் சுமை எல்லோர் தலையிலும் விழும். அதே குழுதான் ஆஸ்பத்திரிச் செலவென்றால் அன்றே கைகொடுக்கும், ஸ்வநிதியில் அது நடக்காது.

கையில் அட்டை இருந்து, சரக்கு வாங்கப் பணம் வேண்டுமென்றால் ஸ்வநிதிதான். கடையே இல்லாத, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் குழு. இரண்டுக்கும் தகுதி இருந்தால் குழுவில் சேமித்துக்கொண்டே ஸ்வநிதிக்கு விண்ணப்பியுங்கள்; இரண்டு தவணையையும் தாங்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.