பைபாஸுக்குப் பிறகு 2 ஆண்டுகள்: எங்கள் வீட்டில் புழங்கும் ஓர் எண்

2023 பிப்ரவரியில் எனக்கு பைபாஸ் அறுவை நடந்தது. மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு. அப்போது வயது 56. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அறுவை முடிந்த ஏழாவது வாரம் இருதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் 2 முறை, 8 வாரம். அதை முடித்து 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "அதில் என்ன இருக்கிறது, நடப்பதற்கு ஒரு வகுப்பா?" என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் சேருங்கள் என்பதுதான் என் பதில். காரணம் கொஞ்சம் நீளமானது.

வகுப்புக்கு முந்தைய ஆறு வாரம் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொண்டார்கள். மகன் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கினான். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த அண்ணி, "நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிறார்கள், இவரை நடக்க விடலாமா?" என்று என் மனைவியைக் கடிந்துகொண்டார். எல்லாம் அன்புதான். ஆனால் படுத்தே கிடந்ததில் தொடைச் சதை வற்றிவிட்டது. பைபாஸுக்காக இரத்தக்குழாய் எடுத்த இடது கால் மாலையானால் வீங்கியது. முதல் நாள் வகுப்பில் ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தார்கள். 280 மீட்டர் நடந்தேன், நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய பொருள் ஓர் அட்டை. அதில் 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் ஓரடி முடியாது என்பது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் அமைத்த அளவு அது. ஏன் 6-இல் தொடங்குகிறது என்று கேட்டேன். ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவருடைய நாடித்துடிப்பு வரும் என்றார்கள். என் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிசோப்ரோலோல் மாத்திரை நாடியை அடக்கி வைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தை முடிவு செய்ய முடியாது. உடல் என்ன சொல்கிறது என்பதை நாமே கேட்டுப் பழக வேண்டும். எனக்கு விதித்தது 11 முதல் 13 வரை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாது, அந்த அளவு.

நடை இயந்திரத்தில் நிற்கும்போது பயிற்சியாளர், ஒரு மலாய்ப் பெண், சில நிமிடங்களுக்கு ஒருமுறை "பெராபா, அங்கிள்?" (எத்தனை?) என்று கேட்பார். நான்காவது வகுப்புக்கு மனைவியும் வந்தார். நான் வியர்த்து நடப்பதைப் பார்த்து முதலில் எழுந்தே விட்டார். பயிற்சியாளர் அவர் கையில் அந்த அட்டையைக் கொடுத்து, நீங்களே கேளுங்கள் என்றார். "எத்தனை?" என்றார் மனைவி. "பன்னிரண்டு" என்றேன். அவர் முகம் தெளிந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதுவரை "மூச்சு வாங்குகிறதா, வலிக்கிறதா, உட்காருங்கள்" என்று நாள் முழுவதும் பதறிக்கொண்டிருந்தவர், அன்று முதல் ஒரே சொல்லில் நிறுத்திக்கொண்டார். கட்டில் மறுபடி மாடிக்குப் போனது.

பட்டுத் தெரிந்துகொண்டவை இரண்டு. ஒருநாள் தாவரவியல் பூங்காவில் வேகமாக நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஓடாத குறையாக வந்து காரருகே சட்டென்று நின்றேன், கண் இருட்டியது. நடையைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலை சுற்றும். கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக நடந்து முடிக்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, அறுவை முடிந்த ஒன்பதாவது வாரத்தில் கடையில் துணி மூட்டை ஒன்றைத் தூக்கினேன். நெஞ்செலும்பில் 'டக்' என்றது. கம்பி போட்டுக் கட்டிய எலும்பு ஒன்றுசேர 12 வாரம் வரை ஆகலாம் என்று சொல்லியிருந்தும் செய்த தவறு. நல்லவேளை, எக்ஸ்ரேயில் கம்பி நகரவில்லை.

வாங்கிய பொருள்களில் மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி இன்றும் உழைக்கிறது. மணிக்கட்டில் கட்டும் வகையை முதலில் வாங்கிக் காசை வீணாக்கினேன். கையை இதய உயரத்தில் பிடிக்காவிட்டால் அளவு மாறிவிடும். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சிறு தலையணை போதும், தனியாக விலைக்கு வாங்க வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உணவுப் பட்டியலில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இருந்தது, நாசி கண்டார் (கறிக்குழம்புகளோடு சோறு) இருந்தது. தோசையும் சாம்பாரும் இல்லை. நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் என்றார்கள். எங்கள் வீட்டில் அது ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் ஒளிந்திருப்பதை நாங்களேதான் கண்டுபிடித்தோம். தே ஓ கொசோங்குக்கு, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீருக்கு, நாக்கு பழக மூன்று மாதம் ஆயிற்று. இரண்டாவது, மனம். மூன்றாம் மாதம் காரணமில்லாமல் அழுதேன், கடைக்கணக்கு எழுதும்போதுகூட. இருதய அறுவைக்குப் பின் பலருக்கும் இப்படி வரும் என்று நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதத்தை நான் தனியாகக் கடந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் 11 பேர், பெண்கள் இருவர்தான். அதில் ஜெலுத்தோங்கிலிருந்து வந்த அம்மா ஒருவர் மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டார். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆண்களுக்கு மாரடைப்பு வந்தால் வீடே நின்று கவனிக்கிறது. அவருக்கு வந்தபோது அடுப்பும் பிள்ளையும் அப்படியே காத்திருந்தன. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் கணக்கு இது: கடைசி நடைச் சோதனையில் 430 மீட்டர். கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 4.1 மில்லிமோலிலிருந்து 1.6-க்கு வந்திருக்கிறது, அதில் பெரும்பங்கு மாத்திரைக்கு உரியது. வாரம் ஐந்து நாள் பூங்காவில் 40 நிமிட நடை. பக்கத்தில்தான் தண்ணீர்மலை முருகன் கோயில். அதன் 513 படிகளை இன்னும் ஏறவில்லை, கீழே நின்று கும்பிடுகிறேன். அடுத்த உடற்பயிற்சிச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஜெலுத்தோங் அம்மாவை என் மனைவி போய்ப் பார்த்தார். அந்த அம்மா தன் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இப்போது சனிக்கிழமைகளில் எங்களோடு நடக்கிறார். பேரன் தள்ளுவண்டியில், தள்ளுவது நான். மனைவி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்கிறார். போன வாரம் அவர் சொன்னது 12.