நிக்கர் போஸ்டர் வண்ணங்கள்: டோட்டோரோவின் காட்டைத் தேடி

1988-ஆம் ஆண்டு வெளிவந்த 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா, சிறுவயதில் நம்மை மயக்கிய அந்தக் காட்டையும் வயலையும் போஸ்டர் வண்ணத்தில் தீட்டியவர் என்று அறிந்த பிறகே, அவர் பயன்படுத்தும் ஜப்பானின் நிக்கர் வண்ணக் குப்பிகளை வாங்கினேன்.

தயிர்ப் பதத்தில் குழைவாக இருக்கும் இவ்வண்ணம், காய்ந்ததும் பளபளப்பின்றி மென்மையாகப் படிகிறது. அடர்பச்சையின்மேல் வெளிர்மஞ்சளைச் சிறு தீற்றல்களாக இட்டால் அடிநிறம் மறைந்துவிடுவதால், இலைகளில் விழும் வெயிலைக் கடைசியில்கூடச் சேர்க்க முடிகிறது. ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்திலோ, அவ்விடங்களைத் தொடக்கத்திலேயே வெள்ளைத்தாளாக விட்டுவைத்தாக வேண்டும். வானத்துக்கு மட்டும் தாளை முன்னரே நனைத்து, பட்டைத் தூரிகையால் விரைந்து இழுத்து, நீலம் காய்வதற்குள் மேகத்தின் அடிப்பகுதியைக் கரைத்துவிடுவது நல்லது.

உலர்ந்த பூச்சும் நீர் பட்டால் மீண்டும் கரையும் என்பது இவ்வகை வண்ணங்களின் பொது இயல்பு. இரண்டாம் பூச்சின்போது தூரிகையை அழுத்தித் தேய்த்ததால் என் முதல் மூன்று மரங்கள் சேறாகிப் போயின. குற்றம் என் கையுடையதுதான். காய்ந்தபின் நிறம் சற்று மாறுவதால், கலவையை ஓரத்தாளில் சோதித்துக்கொள்வதும் அவசியம்.

தொடங்குவோருக்கு முழுத்தொகுப்பு தேவையில்லை. மஞ்சள், சிவப்பு, இருவகை நீலம் ஆகியவற்றில் ஒவ்வொரு குப்பி போதும். வெள்ளையை மட்டும் இரண்டாக வாங்குங்கள், மேகங்கள் அதை விரைவில் தின்றுவிடும்.