பழைய எஃப்-150 பிக்கப்பில் மின்விசிறி: சில கோடைகளின் அனுபவம்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் நான் ஓட்டிவரும் 1995ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பழைய ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் பொருத்திச் சில கோடைகள் கடந்துவிட்டன. பொருத்திய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் புதிய விசிறியின் காற்றைப் பற்றிய வியப்பே மிகுதியாக இருக்கும். இந்த மாற்றத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்த விசிறிக்கு மின்சாரம் போய்ச் சேரும் வழியைப் பொறுத்தவை என்பதோ, இரண்டு மூன்று ஜூலை மாதங்களைத் தாண்டிய பிறகுதான் தெரியவரும்.

இந்த வண்டியில் உள்ளது ஃபோர்டு 1965 முதல் 1996 வரை தயாரித்த 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். இதன் விசிறி, வாட்டர் பம்பின் தண்டில் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் வழியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சூடானால், கிளட்சின் முகப்பிலுள்ள இருலோகச் சுருள் திரும்பி எண்ணெய்க்கு வழிவிட, விசிறி இறுகப் பற்றிக்கொள்ளும்; காற்று குளிர்ந்தால் நழுவத் தொடங்கும். எளிய, உறுதியான ஏற்பாடுதான். ஆனால் அதன் வேகம் எப்போதும் எஞ்சினின் வேகத்தையே சார்ந்தது. சிக்னலில் நிற்கையில், காற்று மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது. வண்டியின் ஓட்டமே போதிய காற்றைக் கொண்டுவரும் நெடுஞ்சாலையில் வேகமாகச் சுழல்கிறது. 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள்கள் 110 பாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸுக்கும் சற்று மேலான வெப்பத்தை, எட்டிய ஊர் இது. மாலை நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்பவருக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு கட்டுப்படியாகாது.

விசிறியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்கவில்லை. 1988 முதல் 1995 வரை ஃபோர்டு டாரஸ் காரில் 3.8 லிட்டர் வி6 எஞ்சினுடன் வந்த இருவேக விசிறி, பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளில் மலிவாகக் கிடைக்கும். விசிறியைச் சுற்றி ரேடியேட்டரின் முகப்பை மூடும் கூடான ஷ்ரவுடும் அதனுடனேயே வரும். ஷ்ரவுட் இல்லாத விசிறி தனக்கு நேர் முன்னாலுள்ள வட்டத்தின் வழியாக மட்டுமே காற்றை இழுப்பதால், ரேடியேட்டரின் மூலைகள் வீணாகிவிடும். வாங்குமுன் அளக்க வேண்டியது, விசிறி மோட்டாரின் பின்புறத்துக்கும் வாட்டர் பம்ப் தண்டின் நுனிக்கும் இடையே எஞ்சும் இடைவெளியை. எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும் என்பதால், நிறுத்திய வண்டியில் மயிரிழையில் தப்பும் இடைவெளி ஓடும் வண்டியில் போதாது.

இனி மின்சாரம். இந்த விசிறி உயர் வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 30 ஆம்பியர் கனசதுர ரிலேயை (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இதற்குப் போட்டால், சில மாதங்களில் ரிலேயின் அடிப்பகுதி பழுப்பேறி உருகத் தொடங்கும். நான் 70 ஆம்பியர் ரிலேயையும், 8 கேஜ் தடிமனுள்ள தாமிர ஒயரையும், பேட்டரிக்கு மிக அருகிலேயே 60 ஆம்பியர் ஃபியூஸையும் பயன்படுத்தினேன். ஃபியூஸ் என்பது ஒயரைக் காப்பதற்கானது. அதை விசிறியின் பக்கம் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயர் எங்காவது உரசி ஷார்ட்டானால் காக்க எதுவும் இராது. எர்த் ஒயரையும் அதே தடிமனில் எடுத்து, துருப்பிடித்த ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டாமல், பேட்டரியின் எர்த் புள்ளிக்கே கொண்டுசென்றேன். மெதுவேக இணைப்புக்கும் உயர்வேக இணைப்புக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகாதபடி ரிலேக்களை அமைப்பதும் கட்டாயம்.

பலரும் மறந்துவிடுவது, எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை. 95 ஆம்பியர் என்று அதன்மேல் எழுதியிருப்பது எஞ்சின் வேகமாக ஓடும்போது கிடைப்பது. வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும் ஐட்லிங்கில் அதில் ஒரு பகுதிதான் தேறும். இரவில், நெரிசலில், ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் விசிறியும் ஒன்றாகக் கேட்கும்போது கணக்கு இடித்து, பேட்டரி கரையும். ஆகவே 130 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு மாறினேன். மொத்தச் செலவில் விசிறியின் பங்கு சிறியது. ஆல்டர்னேட்டரும் ஒயரும் ரிலேயுமே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

விசிறி எப்போது ஓட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உணரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே குத்திவைக்கும் கம்பி உணரிகள் உண்டு; அவை அளப்பது கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தையா காற்றின் வெப்பத்தையா என்பது அவற்றுக்கே வெளிச்சம். எஞ்சின் பக்கத்தில், கூலன்ட்டில் நனையும்படி திருகிப் பொருத்தும் உணரியையே நான் தேர்ந்தெடுத்தேன். கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான என் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 91 செல்சியஸில் திறக்கத் தொடங்கும். விசிறி நிற்கும் வெப்பநிலையை அதற்குக் கீழே வைத்தால், எஞ்சின் ஒருபோதும் அவ்வளவு குளிராது என்பதால் விசிறியும் ஒருபோதும் நிற்காது. மெதுவேகம் 98இல், உயர்வேகம் 104இல், நிற்பது 94இல் என்பதே எனக்குப் பொருந்திவந்த அளவு. ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது வெப்பநிலை எதுவானாலும் மெதுவேகம் ஓடியாக வேண்டும் என்று தனி இணைப்பும் கொடுத்தேன். வண்டியின் சொந்த மீட்டர் எண்களுக்குப் பதிலாக ‘நார்மல்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் காட்டுவது. அதில் எந்த எழுத்தில் கவலைப்பட வேண்டும் என்பதை வடிவமைத்தவரே சொல்ல வேண்டும். எண்களைக் காட்டும் மீட்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

பலன்களில் முதலாவது, சிக்னலில் ஏசியின் குளிர்ச்சி. ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் வழியாக இடைவிடாமல் காற்று போவதால், முன்பு வண்டி நின்றதும் வெதுவெதுப்பாகிவிடும் ஏசி இப்போது நின்றாலும் குளிர்கிறது. இதற்காக மட்டுமே இந்த வேலையை மறுபடி செய்யலாம். காலையில் கிளட்சுக்குள் தேங்கிய எண்ணெயால் முதல் சில நிமிடங்கள் எழும் இரைச்சல் இல்லை. எரிபொருள் மிச்சத்தைப் பற்றிய பேச்சைத்தான் நான் நம்பவில்லை. உயர் வேகத்தில் விசிறி எடுக்கும் 450 வாட்டோடு ஆல்டர்னேட்டரின் இழப்பையும் பெல்ட்டின் இழப்பையும் கூட்டினால், எஞ்சினிடமிருந்து ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் போகிறது. நழுவும் நிலையிலுள்ள நல்ல கிளட்ச் விசிறியும் அதிகம் எடுப்பதில்லை. என் வண்டியின் மைலேஜில் வந்த மாற்றம், குளிர்காலப் பெட்ரோலுக்கும் கோடைக்காலப் பெட்ரோலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாண்டவில்லை.

பழுதுகளும் வந்தன. யார்டிலிருந்து விசிறியுடன் வந்த பழைய பிளக்கின் முனைகள் தளர்ந்திருந்ததால் முதல் கோடையின் இறுதியில் அது சூடேறி நிறம் மாறியது. தடித்த முனைகள் கொண்ட புதிய இணைப்பியை மாற்றிய பின் அத்தொல்லை இல்லை. பின்னொரு கோடையில் மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, விசிறி சில வேளை சுழலாமல் முரண்டு பிடித்தது; மோட்டாரையே மாற்ற வேண்டியதாயிற்று. கிளட்ச் விசிறி பழுதானாலும் ஓரளவு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மின்விசிறி சொல்லாமல் நின்றுவிடும். ரிலேக்குப் பிறகான ஒயரிலிருந்து டாஷ்போர்டுக்கு ஒரு சிறு விளக்கும், உணரியை மீறி விசிறியை ஓட்ட ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறேன். அந்த விளக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே காட்டும், விசிறி சுற்றுகிறதா என்பதைக் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐ-17 நெடுஞ்சாலையில் பிளாக் கேனியன் சிட்டியிலிருந்து சன்செட் பாயின்ட் வரையுள்ள ஏற்றத்தில், காலி வண்டியின் எஞ்சின் கோடை நண்பகலிலும் 104 செல்சியஸைத் தாண்டுவதில்லை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு அதே ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது, விசிறி உயர் வேகத்தில் ஓடியபடியே இருந்தும் முள் 108 வரை போகிறது. அடிக்கடி பாரம் இழுப்பவர்களுக்கு, நல்ல நிலையிலுள்ள கிளட்ச் விசிறியைக் கழற்றாதீர்கள் என்றே சொல்வேன். நகருக்குள் ஓட்டுபவர்கள் தயங்காமல் மாற்றலாம். மாற்றிய பிறகு ஒவ்வோர் ஏப்ரலிலும், விசிறி உயர் வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலும் விசிறியின் பிளக்கிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. மே மாதத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.