பாய்ப்படகு கற்றுத்தருகிறோம் என்கிற பீச் கிளப்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன கிறிஸ்மஸ் லீவில் நாங்கள் மாட்டிக்கொண்ட கதை இது. இந்த வருடமும் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் அதே இடத்தில் முன்பணம் கட்டப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. களியக்காவிளை தாண்டி, நெய்யாறு கடலில் சேரும் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது லண்டனில் இருக்கும் என் தம்பி. அவன் குடும்பத்தோடு கிரீஸ் நாட்டில் லெஃப்கடா தீவின் வசிலிக்கி என்ற ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தான். அங்கே பீச் கிளப் என்றால் தங்குமிடம், படகு, பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். காலையில் காற்று மெல்ல வீசும்போது புதியவர்களையும் பிள்ளைகளையும் தண்ணீரில் இறக்குவார்கள். மதியத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து பலத்த காற்று இறங்கும். அதற்கு எரிக் என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு மோட்டார் படகு சுற்றிக்கொண்டிருக்குமாம்.

என் மகளுக்கு அப்போது 11 வயது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்ப்படகுப் போட்டியில் அங்கே போன முதல் இந்தியப் பெண் ஆனவர். 2024-இல் பாரிஸிலும் அவர் ஓட்டியதைப் பார்த்ததிலிருந்து இவள் அதே பேச்சாக இருந்தாள். கிரீஸுக்குப் போக நமக்கு ஏது வசதி? தேடியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ‘குடும்பத்துக்கான டிங்கி செய்லிங் (சின்னப் பாய்ப்படகு ஓட்டும்) விடுமுறை, சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர், பிள்ளைகளுக்குத் தனிப் படகு, மீட்புப் படகு எப்போதும் தயார்.’ நாலு பேருக்கு மூன்று இரவு, 46,000 ரூபாய். பாதிப் பணம் 23,000 முன்கூட்டியே கட்டினோம்.

அவர்கள் அனுப்பிய படத்தை அன்றைக்கே உற்றுப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். பாய்ப்படகின் பாயில் ஓர் எண்ணும், அதற்கு முன்னால் நாட்டைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். இந்தியப் படகு என்றால் ஐஎன்டி. அந்தப் படத்தில் இருந்தது ஜிபிஆர், அதாவது பிரிட்டன். எங்கேயோ எடுத்த படத்தைத் தங்கள் இடம் என்று போட்டிருக்கிறார்கள். பிறகு தம்பிதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னான்.

போய் இறங்கியதும் ரிசப்ஷனில் இரண்டு பக்க ஆங்கிலத் தாளை நீட்டினார்கள். சின்னவன் நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் படகுகளைப் பார்த்தபோதே மனசு சரியில்லை. மூன்று ஆப்டிமிஸ்ட் படகு என்றார்கள், இருந்தது இரண்டு. ஆப்டிமிஸ்ட் என்பது 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சின்னப் பெட்டி மாதிரிப் படகு. இரண்டரை மீட்டர்கூட நீளம் கிடையாது, வெறும் படகு 35 கிலோதான். கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பதற்காக உள்ளே மூன்று காற்றுப் பைகள் கட்டியிருப்பார்கள். மகள் ஏறிய படகில் ஒரு பை, காற்று போன பலூன் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வாயை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்திருந்தார்கள். அது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை ஏற்றியே இருக்க மாட்டேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது. ஏழு வயதுப் பையன் 22 கிலோ இருப்பான். அவனுக்குக் கொடுத்த ஜாக்கெட்டின் உள்பக்கத் துணியில் 70 கிலோவுக்கு மேல் என்று அச்சடித்திருந்தது. தோளைப் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் மட்டும் காதைத் தாண்டி வந்தது, பிள்ளை அப்படியே நின்றான். ஒரு பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. ‘அதொன்னும் சாரமில்ல மேடம், ஆழமே இல்ல’ என்றார் பயிற்சியாளர். பயிற்சியாளர் என்று நின்றது இருபது வயதுப் பையன். முந்தின நாள் சாயங்காலம் கயாக் துடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவன்தான். சான்றிதழ் பெற்றவர் லீவில் ஊருக்குப் போய்விட்டாராம். சின்னவனை நான் ஏற்றவே இல்லை. மகள் கெஞ்சினாள். அவளுக்குக் கிடைத்த ஜாக்கெட் ஓரளவு பொருந்தியதால் சரி என்றேன். அந்த ஒரு சரியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த இடத்தின் அமைப்பு தெரிந்தால்தான் நடந்தது புரியும். உள்ளே காயல், வெளியே கடல், நடுவில் மணல் திட்டு. மழை இல்லாத மாதங்களில் மணல் அடைத்துக்கிடக்கும். மழைக்குப் பிறகு ஆறு நிறைந்து திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். நாம் பொழி என்கிறோமே, அதுதான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து முடிந்த டிசம்பர் அது. பொழி திறந்து கிடந்தது. கடல் வற்றும் நேரமும் அதுதான், தண்ணீர் வெளியே இழுக்கும். அதோடு அந்த மாதத்தில் காலையில் கரைக்காற்று, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரம் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், காற்றே இல்லை என்று தோன்றும். தென்னை மறைவைத் தாண்டி ஐம்பது மீட்டர் போனால்தான் அதன் தள்ளல் தெரியும். பொழிமுகத்துக்குப் பக்கத்தில் முதல் நாள் பழகும் பிள்ளையை அந்த நேரத்தில் விடக் கூடாது என்பது அங்கே வலை காயப்போடுகிற யாருக்கும் தெரியும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். ஒழுங்கான இடங்களில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நடுப்பலகையில் (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகை) ஏறி நின்று நிமிர்த்தப் பழக்குவார்கள். இங்கே பத்து நிமிடம், சுக்கானை இப்படித் திருப்பு, கயிறை அப்படி இழு, அவ்வளவுதான். பிறகு தள்ளிவிட்டான். மீட்புப் படகு எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ‘இப்போ வரும் சார்’ என்றான். அதுதான் அவர்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஒரே மோட்டார் படகு. அது ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மாங்குரோவ் பக்கம் போயிருந்தது.

ஐந்து நிமிடம் அழகாகத்தான் போனாள். அப்புறம் மறைவைத் தாண்டியதும் பாய் படீரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. படகு சரிந்த வேகத்தில் நடுப்பலகை கழன்று தண்ணீரில் விழுந்தது. அதைப் படகோடு இணைக்கும் சின்னக் கயிறைக் கட்டவே இல்லை. அந்தப் பலகை இல்லாத படகு காற்று தள்ளும் பக்கம் வழுக்கிக்கொண்டே போகும், எதிர்த்து ஏறாது. அவள் சுக்கானை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினாள். படகு பொழியைப் பார்த்து நகர்ந்தது. பொழிக்கு வெளியே வெள்ளையாக அலை உடைவது கரையிலிருந்தே தெரிந்தது. பயிற்சியாளர் கரையில் நின்று போன் அடித்துக்கொண்டிருந்தான்.

மணல் திட்டில் வலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர்தான் முதலில் ஓடினார்கள். மூத்தவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே கத்தினார், ‘கயிறெ விடு மோளே, கயிறெ விடு!’ பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறை விட்டால் பாய் படபடவென்று அடித்துவிட்டுக் காற்றை இழந்துவிடும், படகு வேகம் குறையும். பாய் கட்டிக் கடலுக்குப் போன தலைமுறை அவர். அவள் விடவில்லை. பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டாள். அவர்கள் போய்ச் சேர்ந்து வள்ளத்தோடு கட்டியபோது பொழிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தென்னை நீளம்தான் இருந்தது.

கரைக்கு வந்த பிறகும் அவள் வலது கை மூடியே இருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்து சிவந்திருந்தது. மூத்தவர் எங்களைத்தான் திட்டினார். ‘பொழி முறிஞ்சு கிடக்கும்போ குட்டியெ விடாமோ?’ அவரிடம் எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

மேனேஜர் வந்து சொன்னது: ‘ஒண்ணும் ஆகலையே மேடம்.’ 2023 மே 7-ஆம் தேதி கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் நம் கணபதிபுரத்துக்குப் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அதற்கெல்லாம் பிறகும் தண்ணீர்ப் பக்கம் தொழில் நடத்துகிற ஒருவர் இப்படிப் பேச முடிகிறது.

சரி, இனி காசு விஷயம். அன்றைக்கே கிளம்புகிறோம், மீதி நாட்களுக்குப் பணம் கேட்காதீர்கள், முன்பணத்தில் பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டோம். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். எந்த விபத்துக்கும் பொறுப்பில்லை, பணம் திரும்பத் தரப்படாது என்று அதில் இருந்ததாம். அதற்கு மேல் பில்லில் 3,500 ரூபாய் கூடுதல். எதற்கு என்று கேட்டால், தொலைந்த நடுப்பலகைக்கு. அவர்கள் கட்டாமல் விட்ட பலகைக்கு எங்களிடம் காசு!

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் சொன்னது எல்லைப் பக்கம் இருக்கிற நமக்கு ரொம்ப உபயோகமானது. ரிசார்ட் கேரளத்தில் இருந்தாலும் வழக்குக்காகத் திருவனந்தபுரம் அலைய வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாங்கள் நாகர்கோவிலில் கொடுத்தோம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அங்கிருந்தே எடுத்த போட்டோக்கள்தான் இப்போது எங்களுக்குச் சாட்சி: டேப் சுற்றிய காற்றுப் பை, ஜாக்கெட்டின் கிலோ எழுத்து, பில். அந்த ஆத்திரத்திலும் என் வீட்டுக்காரர் படம் எடுத்து வைத்தது நல்லதாயிற்று.

பணம் கட்டுவதற்கு முன் நான் இப்போது கேட்பது மீட்புப் படகைப் பற்றித்தான். அது தனிப் படகா, சவாரிப் படகா, யார் ஓட்டுவார், பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கூடவே இருக்குமா? மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பயிற்சியாளரின் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் (ஆர்ஒய்ஏ). நாம் போகும் நாட்களில் அதே ஆள் இருப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் போகும் மாதத்தில் காலையில் எந்தப் பக்கக் காற்று என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் பழக்குகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம், நம் மேற்குக் கரையில் அது கடல் பொங்கும் காலம். எந்த மாதமானாலும் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கள்ளக்கடல் (திடீரென்று கரையில் ஏறும் பேரலை) எச்சரிக்கையை அன்று காலையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஜாக்கெட்டைப் பிள்ளையின் எடைக்குப் பார்த்து, தோளைத் தூக்கிச் சோதியுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கால் இடுக்கு வழியாகப் போகும் பட்டையும் இருக்க வேண்டும்.

மகளை இந்த மே மாதம் சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனின் கோடை முகாமில்தான் நேத்ராவும் தொடங்கினார். அவள் இன்னும் ஆசையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

வழக்கு அடுத்த தேதிக்குப் போயிருக்கிறது. அந்த இடத்தின் விளம்பரம் நேற்றுகூட என் போனில் வந்தது. அதே ஜிபிஆர் படம்தான், விலை மட்டும் 52,000.