ஹமில்டனா ஒஷாவாவா: ஏரிக்கரையில் நாங்கள் எடுத்த முடிவு

2018 நவம்பர் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் ஒஷாவாவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்று அறை, பாஸ்மெண்டுக்குத் தனி வாசல், பின்வளவில் பெரிய மேப்பிள் மரம். மனைவிக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விலை எழுதிக் கொடுப்பதாக முகவரிடம் சொல்லியிருந்தோம். திங்கள் காலையில், ஒஷாவாவில் வாகன உற்பத்தியை 2019 முடிவோடு நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டர்ஸ் அறிவித்தது. ஏறத்தாழ 2,500 பேரின் வேலை.

நான் அந்த ஆலையில் வேலை செய்தவன் அல்ல. வாகனப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் மில்ரைட்டாக, அதாவது இயந்திரங்களைப் பொருத்தித் திருத்துபவனாக, எட்டு மாதம் இருந்தேன். ஆனால் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசையிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு நாங்கள் விலை எழுதவில்லை. அடுத்த கோடையில் ரொறன்ரோவுக்கு மேற்கே இருக்கும் ஹமில்டனுக்குக் குடிவந்தோம்.

இப்போது மனைவியின் தம்பி அதே கேள்வியோடு வந்து நிற்கிறான். "அத்தான், கிழக்கா மேற்கா, ஒன்றைச் சொல்லுங்கோ" என்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் சனம் ஸ்காபரோ, ஏஜக்ஸ், மார்க்கம் பக்கம்தான் அதிகம். கோயிலும் கடையும் கல்யாண மண்டபமும் அங்கேதான். ஒஷாவாவில் இருந்தால் நினைத்த நேரம் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். ஹமில்டனில் இருந்தால் ரொறன்ரோவை முழுக்கக் கடந்து போகவேண்டும், கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில் நெரிசல் பிடித்தால் இரண்டு மணித்தியாலம். இரண்டு ஊருக்கும் ரொறன்ரோவிலிருந்து கோ ரயில் உண்டு, இரண்டிலும் பல்கலைக்கழகம் உண்டு. இந்தக் கணக்கில் ஒஷாவாதான் வெல்லும். அதை மறுப்பதற்கில்லை.

நான் பார்த்தது வேறு கணக்கு. ஒரு நாள் வேலை போனால், வீட்டை விற்காமல் அடுத்த வேலைக்குப் போக முடியுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இரண்டு ஊரையும் பார்த்தேன். அதற்கான பதில் பாதி நிலவரைபடத்திலேயே இருக்கிறது.

ஒன்ராறியோ ஏரியின் மேற்கு நுனியைப் பாருங்கள். ஏரியலை கொண்டுவந்து போட்ட மணல் ஒரு நீண்ட திட்டாகக் குறுக்கே கிடக்கிறது. திட்டுக்கு உள்ளே பெரிய குடா. புயலடித்தாலும் உள்ளே தண்ணீர் பெரிதாகக் கொந்தளிக்காது. அந்த மணல்திட்டை வெட்டி 1826இல் கால்வாயைத் திறந்தார்கள். அன்றிலிருந்து ஹமில்டன் கப்பல் ஊர். முதுகுப் பக்கம் நயாகரா மலைச்சரிவு, ஏறக்குறைய நூறு மீட்டர் உயரம். ஊரவர் அதை 'மவுண்டன்' என்றே சொல்கிறார்கள். அந்தச் சரிவின் கல் உருக்கு ஆலைக்குத் தேவையான சுண்ணாம்புக்கல் வகை. 1898இலேயே டிகியூ அருவியிலிருந்து 56 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். இரும்புத் தாதும் நிலக்கரியும் தண்ணீர் வழியே வந்து இறங்கும். இப்படி எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகுதான் 1910இல் ஸ்டெல்கோ, 1912இல் டொஃபாஸ்கோ என்ற இரண்டு உருக்கு நிறுவனங்களும் வந்தன.

ஒஷாவாவின் கரை அப்படியல்ல. திறந்த, நேரான கரை. ஓடை வாயில் ஒரு சிறிய துறைமுகம் இருக்கிறது, உப்பும் தானியமும் வந்து போகும். ஆனால் அந்த ஊரைத் தொழில் ஊராக்கியது துறைமுகம் அல்ல, ஒரு குடும்பம். மெக்லோஃப்லின் குடும்பத்தார் குதிரைவண்டி செய்யும் தொழிலை 1876இல் ஒஷாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1907இல் பியூக் எஞ்சின் வைத்துக் கார் செய்யத் தொடங்கினார்கள். 1918இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் கைக்குப் போனது. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இருந்ததால் வளர்ந்தது. 1980களில் 20,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 1937 வேலைநிறுத்தத்தில் வாகனத் தொழிலாளர் சங்கத்துக்குக் கனடாவில் கால் ஊன்ற இடம் கொடுத்த ஊரும் அதுதான். அந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இன்று எனக்குக் கிடைக்கும் ஓவர்டைம் விகிதத்துக்கும் அந்த ஆட்கள் பட்ட பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

ஆனால் கார் பொருத்தும் ஆலையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தண்ணீர் ஆழம் வேண்டாம், கல் வேண்டாம். ஒரு தலைமை அலுவலகம் முடிவெடுத்தால் வேறு நாட்டுக்கே போய்விடும். ஆழத் துறைமுகத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. உருக்கு போனாலும் குடா அங்கேயே இருக்கும், அதன் கரையில் வேறொருவன் வந்து உட்காருவான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கிழக்கில் நான் வேலை செய்த பட்டறையில் எங்கள் நாள் முழுவதும் ஒரு கடிகாரத்தைப் பார்த்தே ஓடும். பொருத்தும் வரிசை எப்போது எந்தப் பாகத்தைக் கேட்கிறதோ அந்த மணிக்கு லொறி புறப்படவேண்டும். ஒரு காருக்கு உரிய இருக்கை, அந்தக் காருக்குச் சில மணித்தியாலம் முன்னால்தான் போய்ச் சேரும். சேமித்து வைக்க இடமே கிடையாது. அந்த வரிசை நின்றால் இருக்கை செய்பவன், கதவு உள்உறை செய்பவன், லொறி ஓட்டுபவன் எல்லோரும் ஒரே நாளில் நிற்கிறார்கள். பத்து முதலாளி இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் ஒருவர்தான். நடுத்தெருவில் ஒரே கைவேலை தெரிந்த ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் வேலை தேடினால் சம்பளம் என்னவாகும்?

ஹமில்டனில் எனக்கு நடந்தது இது. வந்து ஒரு வருடம் முடிவதற்குள், 2020 வசந்தத்தில், உருக்கு ஆலைகளுக்கு உருளை பழுது பார்க்கும் என் பட்டறை ஆட்களைக் குறைத்தது. கடைசியாக வந்தவன் நான், ஆகவே முதலில் போனவனும் நான். ஐந்தாம் வாரம் அதே துறைமுகத்தில், நடந்தே போகக்கூடிய தூரத்தில், தானியம் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு கன்வேயரின் பெயரிங் சூடேறுகிறது என்று கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், முந்திய பட்டறையில் நூறு தடவை மாற்றிய அதே வகை, அதே அளவு. அங்கே கிரீஸில் கரித்தூள் ஒட்டியிருக்கும், இங்கே கோதுமைத் தூள். அவ்வளவுதான் வித்தியாசம். (கோதுமைத் தூள் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. அந்தப் பயிற்சியை மட்டும் புதிதாக எடுக்கவேண்டியிருந்தது.)

அந்தக் குடாவைச் சுற்றி உருக்கு, சோயாவிலிருந்து எண்ணெய் எடுப்பது, உரம், சர்க்கரை, எரிபொருள் தொட்டி, கப்பல் திருத்துவது என்று பலதும் இருக்கின்றன. 2017இல் துறைமுகக் காணியிலேயே ஒரு மாவு ஆலையும் வந்தது. எல்லாவற்றிலும் மோட்டாரும் கியர்பொக்ஸும் பம்பும் ஓடுகின்றன. இவை ஒரே நாளில் ஒன்றாக நிற்பதில்லை. என் தொழிலுக்கு அதுதான் காப்புறுதி. ஊரில் இன்று மிக அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது மருத்துவமனைகள் என்பதும் சேர்த்தே பார்க்கவேண்டியது. என் மனைவி முதியோர் பராமரிப்பில் இருக்கிறா, அவவுக்கு ஒரு நாளும் வேலைக்குப் பஞ்சம் வரவில்லை.

உருக்கு அடிவாங்கவில்லை என்று சொல்லவரவில்லை. ஸ்டெல்கோவை 2007இல் யூஎஸ் ஸ்டீல் வாங்கியது. 2010இல் இரும்பு உருக்கும் ஹமில்டன் ஊதுலையை அணைத்தார்கள், 2013இல் இனி எரியாது என்று அறிவித்தார்கள். 2014இல் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. ஓய்வூதியக்காரரின் மருத்துவச் சலுகைகள் அதில் அடிபட்டன. 2024இல் கிளீவ்லண்ட் கிளிஃப்ஸ் என்ற அமெரிக்க உருக்கு நிறுவனம் வாங்கிவிட்டது. எங்கள் தெருவில் இருக்கும் வயதான போர்த்துக்கேயர் ஒருவர் அங்கே முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் 2022இல் அந்த ஆலைக் காணியில் ஏறத்தாழ 800 ஏக்கரை 51.8 கோடி டொலருக்கு வாங்க ஆள் வந்தது. வாங்கியது கப்பல்துறை ஒட்டிய தொழில் காணி என்பதற்காக. நான் சொல்லும் குடாவின் பெறுமதி அதுதான்.

2019இல் இரண்டு ஊர்த் துறைமுக அதிகாரசபைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஹமில்டன்-ஒஷாவா துறைமுகம் இப்போது ஒரே நிர்வாகம். ஆனால் இரண்டு துறையையும் நேரில் பார்த்தால் எது பெரியது என்று கேட்கத் தேவையில்லை.

இனி ஹமில்டனுக்கு எதிரானவை. முதலாவது காற்று. கீழ் ஊரில் முதல் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். காலையில் யன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தால் கறுப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் நடுவில் மினுமினுக்கும் துகள். உருகிய இரும்பு ஆறும்போது பிரியும் கிராஃபைட் துகள் அது, பென்சிலில் இருக்கும் அதே பொருள் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் புகை ஏரிப் பக்கம் போய்விடும். கிழக்குக் காற்று திரும்பினால் எல்லாம் ஊருக்குள் வந்து மலைச்சரிவில் முட்டி நிற்கும். குளிர்ந்த காற்று கீழும் சூடான காற்று மேலுமாக மூடிக்கொள்ளும் நாட்களில் அது கலையவும் மாட்டாது. காற்றுத் திசை பார்த்துத்தான் மனைவி உடுப்புக் காயப்போடுவா. சின்னவனுக்கு மூச்சிழுப்பு வந்த பிறகு மலைக்கு மேலே வீடு வாங்கினோம். நிலக்கரியை விட்டு, மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு மாற டொஃபாஸ்கோவுக்கு மத்திய அரசு 40 கோடியும் மாகாண அரசு 50 கோடியும் ஒதுக்கின. அந்த மாற்றம் முடியும்வரை நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புகள் எரியத்தான் செய்யும். இந்த ஒரு விடயத்தில் ஒஷாவா மிகத் தெளிவாக மேல்.

இரண்டாவது தண்ணீர். கப்பலுக்கு நல்லதாக இருந்த மூடிய குடா, அழுக்கையும் மூடியே வைத்துக்கொண்டது. ரேண்டில் ரீஃப் என்ற இடத்தில் அடியில் கிடந்த தார்ச் சேறு, பேரேரிகளின் கனடாப் பக்கத்திலேயே மிக மோசமானது. ஏறத்தாழ 7 லட்சம் கனமீட்டர். எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொண்டுபோவதைவிட, மிக மோசமான பகுதியைச் சுற்றி இரும்புச் சுவர் அடித்துப் பெட்டிபோல அடைத்து, சுற்றிக் கிடந்த சேற்றையும் அள்ளி அதற்குள்ளேயே போட்டார்கள். அதுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன். அதோடு, 2014 முதல் 2018 வரை 2,400 கோடி லீற்றர் கழிவுநீர் செடோக் ஓடை வழியாகக் குடாவின் மேற்குச் சதுப்புக்குப் போனதும், 2019இல்தான் அது மக்களுக்குத் தெரியவந்ததும் மறக்க முடியாதவை. அந்தச் சதுப்பு ஓரமாகப் பிள்ளைகளோடு நடந்த ஆட்கள் நாங்கள்.

ஒஷாவாவுக்கு ஆதரவாக இன்னொன்று, நான் 2018இல் போதிய அளவு யோசிக்காதது: அணுமின். பக்கத்திலேயே டார்லிங்டன், நான்கு உலை, 3,500 மெகாவாட். 2016இல் தொடங்கிய புதுப்பிப்பு வேலைக்கு மட்டும் 1,280 கோடி டொலர். 2025இல் அதே இடத்தில் நான்கு சிறிய உலைகளில் முதலாவதைக் கட்டத் தொடங்க மாகாணம் அனுமதி கொடுத்துவிட்டது, நான்குக்கும் மொத்த மதிப்பீடு 2,090 கோடி. அந்த ஏரித் தண்ணீர் குளிர்விக்கத் தேவை என்பதால் இந்தத் தொழிலும் கரையை விட்டு நகராது. என் துறைமுகக் கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் நான் அணுமின் நிலையத்துக்குள் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. நண்பர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சம்பளம் நல்லது, ஒப்பந்தம் முடிந்தால் இடைவெளி வரும். இதற்குமேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

ஜெனரல் மோட்டர்ஸும் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2020இல் யூனிஃபோர் சங்கத்தோடு ஒப்பந்தம், 2021 நவம்பரில் சில்வராடோ பிக்அப் வண்டிகள் வெளியே வந்தன. பிறகு 2025இல் அமெரிக்கா வாகனத்துக்கு 25 வீதம் வரி போட்டது, மூன்றாவது ஷிப்டை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு உருக்குக்கு 50 வீதம். ஆகவே இந்தத் தடவை இரண்டு ஊருமே அடிவாங்குகின்றன. எங்கள் பக்கமும் ஓவர்டைம் குறைந்துவிட்டது. 2020இல் எனக்கு ஐந்து வாரத்தில் கிடைத்த வேலை, இப்போதென்றால் எத்தனை மாதமாகுமோ. ஆனாலும் தானியக் கப்பல் வருகிறது. குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் செயின்ட் லோரன்ஸ் கடல்வழி மார்ச் கடைசியில் திறந்ததும், 225 மீட்டர் நீளக் கப்பல் தூக்குப்பாலத்துக்கு அடியால் உள்ளே வரும்போது ஊதும் ஊதல் எங்கள் இறக்குமேடைவரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த வருடம் வேலை இருக்கிறது என்று மனம் ஆறும்.

தம்பிக்கு நான் சொன்னது: நீ மின்சார வேலைக்காரன், உரிமமும் கையில் இருக்கிறது. டார்லிங்டனில் உனக்கு உள்ளே போக வழி இருந்தால் கிழக்கே போ, அம்மாவுக்கும் கிட்ட. அந்த வழி இல்லை, பொதுவான தொழிற்சாலை வேலைதான் என்றால் இங்கே வா, ஆனால் வீட்டை மலைக்கு மேலே பார். விலை எழுத முதல் ஒரு வேலை நாளில், கிழக்குக் காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து, உருக்கு ஆலைகளை ஒட்டிய பேர்லிங்டன் வீதியில் காரை நிறுத்தி இறங்கி அரை மணித்தியாலம் நின்று மூச்சு எடு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.