கேசட்டா, முடிவிலாச் சுருளா, கைவழி நுழைப்பா: சூப்பர் 8 புரொஜெக்டரில் பிலிம் தானாக ஏறும் முறைகள்

வீட்டுப் படங்கள் எடுக்கப் பயன்பட்ட சிறு பிலிம் வகை சூப்பர் 8. பெரியப்பா 1970களில் எடுத்துவைத்த 50 அடிச் சூப்பர் 8 ரீல்கள் 18 எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை 82 வயதாகும் அப்பா, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் தாமே போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். அவருடைய விரல்கள் நடுங்கும். 8 மில்லிமீட்டர் அகலமே உள்ள பிலிமின் நுனியைப் பிடித்துக் குறுகிய வாய்க்குள் செலுத்துவது அவரால் ஆகாத வேலை. ஆகவே பிலிமைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் புரொஜெக்டர்களைத் தேடத் தொடங்கினேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று வகைகளை வீட்டில் வைத்துப் பழகிப் பார்த்தேன்: ரீலை அப்படியே உள்ளடக்கிய கேசட் வகை, முடிவே இல்லாமல் சுற்றும் கார்ட்ரிட்ஜ் வகை, திறந்த ரீலிலிருந்து நுனியை மட்டும் கையால் காட்டினால் மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும் வகை. இறுதியில் கேசட் வகையையே வைத்துக்கொண்டேன். அதன் பக்கம் நான் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளக்கின் வெளிச்சம், லென்ஸின் கூர்மை, விசிறியின் இரைச்சல் ஆகியவை ஒவ்வொரு கருவிக்கும் மாறுபடுமே தவிர, பிலிம் ஏறும் முறையைப் பொறுத்தவை அல்ல. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிலிம் தானாக ஏறுவதில் உள்ள அடிப்படைச் சிக்கலைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். புரொஜெக்டருக்குள் பற்சக்கரங்கள் பிலிமைச் சீராக நகர்த்துகின்றன. ஆனால் படம் தெரியும் கேட்டில் சிறு கொக்கி ஒன்று நொடிக்கு 18 முறை பிலிமை இழுத்து இழுத்து நிறுத்துகிறது. சீரான ஓட்டமும் விட்டுவிட்டு நடக்கும் ஓட்டமும் ஒன்றையொன்று கிழிக்காமல் இருக்க, கேட்டுக்கு மேலும் கீழும் பிலிம் தளர்வான வளைவாக நிற்க வேண்டும். கையால் ஏற்றும் கருவியில் இந்த வளைவுகளை நம் விரல்களே அமைக்கின்றன. தானாக ஏற்றும் கருவியில், பிலிம் நுழையும் நேரத்துக்கு மட்டும் வழிகாட்டித் தகடுகள் மூடி ஒரு வளைந்த குழாய்ப் பாதையை உண்டாக்குகின்றன. நுனி மறுமுனையில் உள்ள ரீலில் பற்றிக்கொண்டதும் தகடுகள் விலகி, வளைவுகள் தம்மளவில் நிற்கின்றன. அதுவரை பிலிம் பின்னாலிருந்து தள்ளப்பட்டே போகிறது. நூலை இழுக்கலாம், தள்ள முடியாது. பிலிம் நூலைவிட விறைப்பானது என்பதால் ஓரளவு தள்ள இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். நுனி மடங்கியிருந்தாலோ, பல ஆண்டுகள் ரீலில் இறுகிக் கிடந்து உட்புறமாகச் சுருண்டிருந்தாலோ, அந்த இடம் போய்விடும்.

கேசட் முறை இந்தச் சிக்கலோடு இன்னொன்றையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நுனி பெட்டிக்குள் இருக்கிறது. அதை முதலில் யார் வெளியே கொண்டுவருவது? 1965இல் கோடாக் நிறுவனம் சூப்பர் 8ஐ அறிமுகப்படுத்தியபோது கேமராவுக்கான கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளினால் போதும் என்று ஆக்கிவிட்டது. ஆனால் கழுவித் திரும்பி வந்த பிலிம் திறந்த ரீலில்தான் வந்தது. எடுப்பது அவ்வளவு எளிதாகிவிட்ட பின்னும் பார்ப்பது பழைய பாடாகவே இருந்தது. அதை மாற்றத்தான் கோடாக்கின் சூப்பர்மேட்டிக், பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் கேசட் புரொஜெக்டர்கள், ஸ்விட்சர்லாந்தின் போலெக்ஸ் பெயரில் வந்த மல்டிமேட்டிக் ஆகியவை வந்தன. மல்டிமேட்டிக்கில் ஆறு கேசட்டுகளை வரிசையாக வைத்துவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 50 அடிச் சூப்பர் 8 பிலிமில் 3,600 படங்கள். நொடிக்கு 18 வீதம் அது 3 நிமிடம் 20 நொடி. ஆறு கேசட்டுகள் என்றால் எழுந்திருக்காமல் 20 நிமிடம் பார்க்கலாம்.

கேசட்டைச் செருகியதும் நடப்பதை மேல்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பலமுறை பார்த்திருக்கிறேன். ரப்பர் பூசிய ஒரு ரோலர், பெட்டியின் திறந்த வாய் வழியாகச் சுருளின் வெளிச்சுற்றைத் தொட்டு அழுத்துகிறது. ரோலர் சுழல, சுருளும் அவிழும் திசையில் சுழல்கிறது. மெல்லிய நாக்கு போன்ற ஒரு தகடு சுருளின் மேல் படிந்து நின்று, நுனி சுற்றி வரும்போது அதைக் கிளப்பிப் பாதைக்குள் திருப்பிவிடுகிறது. அங்கிருந்து முதல் பற்சக்கரம் வரை உள்ள தொலைவைக் குறைவாக வைத்திருப்பதில்தான் வடிவமைத்தவர்களின் திறமை இருக்கிறது. அந்தக் குறுகிய தொலைவில் மட்டுமே பிலிம் வெறும் உராய்வால் தள்ளப்படுகிறது, அதற்கு அப்பால் பற்கள் துளைகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஓடி முடிந்ததும் பிலிமின் கடைசி முனை கேசட்டுக்குள் இருக்கும் ரீலின் நடுவில் பிணைந்திருப்பதால் இழுவிசை ஏறுகிறது. அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தட்ட, கருவி திசை மாறிப் பிலிமைக் கேசட்டுக்குள்ளேயே சுற்றிவைக்கிறது. அப்பா தொடுவது கேசட்டையும் ஒரு பொத்தானையும் மட்டுமே. பிலிமில் விரல்ரேகை படுவதே இல்லை.

இது எப்போதும் சரியாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் ஒரு ரீலின் கடைசி முனை நடுவில் பிணைக்கப்படாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இழுவிசை ஏறவே இல்லை. 50 அடியும் கேசட்டை விட்டு வெளியேறிக் கருவிக்குள் இருக்கும் ரீலில் போய் உட்கார்ந்துகொண்டது. மூடியைக் கழற்றி, முனையைத் தேடி எடுத்து, கையால் சுற்றித் திரும்ப ஏற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு ரீலையும் கேசட்டில் வைக்கும் முன் இரு முனைகளையும் பார்த்துவிடுகிறேன். முன்முனையில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் புது வெள்ளை லீடரை (படமில்லாத வெற்றுப் பிலிம்) ஒட்டி, நுனியின் இரு மூலைகளையும் வட்டமாக வெட்டிவிடுகிறேன். பல புரொஜெக்டர்களின் அடிப்பாகத்திலேயே இதற்கென ஒரு சிறு வெட்டுப்பொறி இருக்கும். அதைப் பயன்படுத்தாதவர்கள்தான் தானியங்கி ஏற்றத்தைக் குறை சொல்கிறார்கள் என்பது என் கருத்து.

முடிவிலாச் சுருள் முறையோ ஏற்றுதல் என்ற வேலையையே ஒழித்துவிட்டது. 1960களில் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் டெக்னிகலர் நிறுவனத்தின் சிறு புரொஜெக்டர்கள் இந்த முறையில் பரவின. முதலில் பழைய 8 மில்லிமீட்டரிலும் பின்னர் சூப்பர் 8இலும், ஒரே ஒரு கருத்தை விளக்கும் ஏறக்குறைய 4 நிமிட ஒலியில்லாப் படங்கள் இயற்பியல் வகுப்புகளுக்கென வந்தன. பிலிமின் தலையும் வாலும் ஒட்டப்பட்டு வளையமாகியிருக்கும். பெட்டியின் முகப்பில் ஒரு துண்டு பிலிம் வெளியே தெரியும். பெட்டியைச் செருகினால் அந்தத் துண்டு நேரே கேட்டில் அமரும், கொக்கி இழுக்கத் தொடங்கும். இடையில் நிறுத்திப் பெட்டியை உருவலாம், திரும்பச் செருகினால் விட்ட இடத்திலிருந்தே ஓடும். எளிமையில் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி நான்கு மாதம் வைத்திருந்தேன். அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுத்தேன். காரணம் பராமரிப்பு, இந்த ஒப்பீட்டில் எனக்கு முடிவைச் சொன்னதும் அதுதான். முடிவிலாச் சுருளில் பிலிம் சுருளின் உட்சுற்றிலிருந்து உருவப்பட்டு, கேட்டைக் கடந்து, வெளிச்சுற்றில் வந்து சேர்கிறது. சுருளின் உள்விட்டம் 4 சென்டிமீட்டர், வெளிவிட்டம் 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உட்சுற்று ஒன்றின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், வெளிச்சுற்று ஒன்றின் நீளம் 22 சென்டிமீட்டர். உள்ளே எவ்வளவு நீளம் உருவப்படுகிறதோ அவ்வளவே வெளியே சேர வேண்டும் என்பதால், உட்சுற்று வேகமாகவும் வெளிச்சுற்று மெதுவாகவும் சுழல வேண்டியிருக்கிறது. அதாவது படம் ஓடும் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 90 சுற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த வழுக்கலுக்காகவே பிலிமில் மெழுகு போன்ற வழவழப்புப் பூச்சு ஒன்றைப் பூசுவார்கள். ஐம்பது ஆண்டுகளில் அது உலர்ந்துபோகிறது; அழுக்கைப் போக்கத் திரவம் கொண்டு துடைத்தால் அழுக்கோடு அதுவும் போய்விடுகிறது. பூச்சு போன சுருள் இறுகும், இறுகிய சுருளைக் கொக்கி இழுக்கும், துளைகளின் ஓரங்கள் பிய்யும். பிலிமும் காலப்போக்கில் சுருங்குவதால் இறுக்கம் இன்னும் கூடும். இதைச் சரிசெய்யப் பெட்டியைப் பிரித்து, ஒட்டை வெட்டி, முழுவதையும் வெளியே எடுத்து, புதிதாகப் பூசி, போதிய தளர்வு விட்டுச் சுற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். தளர்வு கூடினால் சிக்கும், குறைந்தால் இறுகும். நான் ஒருமுறை செய்துபார்த்தேன். மூன்றாவது முயற்சியில்தான் ஓடியது. பெரியப்பாவின் பிலிமை வைத்து இந்தப் பயிற்சியைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கேசட் முறையில் மூப்படைவது பிலிம் அல்ல, ரப்பர். இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெட்டியின் வாயருகே சுழலும் அந்த ரோலரின் ரப்பர் காலத்தில் கெட்டிப்பட்டுப் பளபளப்பாகிவிடும், அல்லது இளகிப் பிசுபிசுப்பாகிவிடும். முதல் நிலையில் ரோலர் வழுக்கும், நுனி வெளியே வராது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இரண்டாவது நிலையில் பழைய ரப்பரை முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிசின் பிலிமில் ஒட்டும். என் கருவியின் ரோலர் இரண்டாம் வகையாக இருந்தது. பம்பு பழுதுபார்க்கும் கடையில் அதே விட்டத்தில் ஓ ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் இரண்டு வாங்கி அடுத்தடுத்து மாட்டினேன். ஒன்றரை ஆண்டாகக் குறையில்லாமல் பிடிக்கிறது. பழுது கருவியில் இருக்கிறது, கருவியைக் கழற்றி மாட்டலாம், தவறினால் இன்னொரு கருவி வாங்கலாம். நான் பார்த்த கேசட்டுகளில் சாதாரண 50 அடி ரீலே உட்காருகிறது என்பதால், நாளைக்கு ரோலர், கருவி, கேசட் மூன்றுமே கைவிட்டாலும் ரீலை வெளியே எடுத்து எந்தச் சூப்பர் 8 புரொஜெக்டரிலும் போடலாம்.

கைவழி நுழைப்பு முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆஸ்திரியாவின் யூமிக், ஜப்பானின் எல்மோ ஆகியவற்றின் பெரும்பாலான வீட்டுப் புரொஜெக்டர்கள் இந்த வகையே. நுனியை வாயில் காட்டினால் முதல் பற்சக்கரம் கவ்விக்கொள்ளும், பாதை குறுகியது, தள்ளும் ரோலர் இல்லாததால் அந்த ரப்பர்த் தொல்லையும் இல்லை. 200, 400 அடி ரீல்கள் வைத்திருப்பவர்களுக்கும், விரல் நடுங்காதவர்களுக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன். உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் இதற்கே அதிகம். எங்கள் வீட்டில் இது தோற்றது அந்த ஒரு நுனிக்காகத்தான்.

போலராய்டு 1977இல் கொண்டுவந்த போலவிஷனையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. எடுத்தல், கழுவுதல், பார்த்தல் மூன்றும் ஒரே பெட்டிக்குள் நடக்கும் அழகான ஏற்பாடு அது. ஆனால் 2 நிமிடம் 40 நொடி ஓடும் அதன் ஒலியில்லாப் படங்களைத் தவிர வேறு எதையும் அதில் போட முடியாது. ஏற்கெனவே பிலிம் வைத்திருப்பவருக்கு அது ஒரு தெரிவே அல்ல.

என் அனுபவத்துக்கு உள்ள எல்லையையும் சொல்ல வேண்டும். நான் ஓட்டியவை எல்லாம் ஒலித்தடம் இல்லாத, 50 அடி, அசிட்டேட் அடித்தளப் பிலிம்கள். ஃபியூஜியின் சிங்கிள் 8 பிலிம் பாலியெஸ்டர் அடித்தளம் கொண்டது, மெல்லியது; மெல்லிய பிலிம் தள்ளும்போது எளிதில் வளையும் என்பதால் கேசட்டில் அதற்குத் தடித்த லீடர் இன்னும் அவசியமாக இருக்கும் என்று கருதுகிறேன். அதைச் செய்துபார்த்துச் சொல்லவில்லை.

பழைய கேசட் புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். ஒரு கேசட்டில் வெறும் லீடரை மட்டும் சுற்றி எடுத்துச் சென்று, ஐந்து முறை ஏற்றித் திரும்பச் சுற்றச் செய்து பாருங்கள். ஐந்தில் ஒருமுறை நுனி வராவிட்டால் ரோலரைத் துடைத்தால் போதும். நுனி வந்த பிறகு பாதையின் நடுவில் நொறுங்கினால், வழிகாட்டித் தகடு வளைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கருவியை நான் வாங்க மாட்டேன்.

பெரியப்பாவின் 18 ரீல்களில் 12 இப்போது கேசட்டில் இருக்கின்றன. மற்ற ஆறும் காடி வாடை வீசுபவை. அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் வரும் வாடை அது; சிதையும் பிலிம் சுருங்கவும் செய்யும். சூப்பர் 8இல் துளைக்குத் துளை 4.23 மில்லிமீட்டர், 1 விழுக்காடு சுருங்கினாலே பத்துத் துளைகளில் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும், பற்சக்கரம் துளையை விட்டு ஓரத்தில் ஏறும். அந்த ஆறையும் எந்தப் புரொஜெக்டரிலும் ஏற்றாமல், பற்சக்கரம் இல்லாத ஸ்கேனருக்கு அனுப்பத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.