ரஷ்ஷின் 'வேப்பர் ட்ரெயில்ஸ்': பழைய பதிப்பா, ரீமிக்ஸா?

ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் முடிந்து வந்ததும் முதலில் போட்டது கனடாவின் ராக் குழுவான ரஷ்ஷின் 'வேப்பர் ட்ரெயில்ஸ்' சிடியைத்தான். ரிப்பேர் செய்து கொண்டுவந்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சார், ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. உங்க ட்வீட்டர் போயிருக்கு" என்றார். ட்வீட்டருக்கு, அதாவது ஸ்பீக்கரில் கீச்சு ஒலிகளைத் தரும் பகுதிக்கு, ஒன்றும் இல்லை. அதே ஸ்பீக்கரில் அவர்களுடைய 1981-ல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' போட்டேன், டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பல் சுத்தமாகக் கேட்டது. கோளாறு சிடியில் இருக்கிறது. 2002 மே மாதம் கடைக்கு வந்த அன்றிலிருந்தே இருக்கிறது. ரஷ்ஷின் ஆல்பங்களில் நான் அதிகம் மதிப்பவற்றில் இதுவும் ஒன்று. அது இப்படி, கெட்டுப்போன ஸ்பீக்கரில் வருகிற மாதிரி ஒலிப்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ரஷ்ஷின் முழுக் கதை, எத்தனை ஆல்பம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1997 ஆகஸ்டில் டிரம்மர் நீல் பியர்ட்டின் மகள் செலினா 19 வயதில் கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஜூனில் மனைவி ஜாக்கி புற்றுநோயில் போய்விட்டார். மகளின் இறுதிச் சடங்கிலேயே பியர்ட், பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கெடி லீயிடமும் கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சனிடமும், இனி என்னை ஓய்வு பெற்றவனாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கியூபெக்கிலிருந்து அலாஸ்கா, அங்கிருந்து தெற்கே மெக்சிகோ, பெலிஸ் என்று ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர் சுற்றினார். 2001 ஜனவரியில் டொரன்டோ ஸ்டுடியோவில் மூவரும் மறுபடி கூடினார்கள். வேலை முடிய அந்த வருடம் முழுக்க ஆயிற்று. அதுவரை அவர்கள் எந்த ஆல்பத்துக்கும் இவ்வளவு காலம் எடுத்ததில்லை.

இதைத் தெரிந்துகொண்டு ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஒன் லிட்டில் விக்டரி'யைப் போட்டுப் பாருங்கள். கிட்டார் வருவதற்கு முன்னால், குரல் வருவதற்கு முன்னால், டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிறது. இரட்டை பேஸ் டிரம், மூச்சு விடாமல். திரும்பி வரவே மாட்டேன் என்று போன மனிதர் திரும்பி வந்ததை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடுகிறார். அந்த முதல் சில விநாடிகள் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

சரி, அப்புறம் கிட்டார் நுழைகிறது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

சிடியில் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் போக இடமில்லை. அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் 'என் சிடிதான் சத்தமாக ஒலிக்க வேண்டும்' என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லிய இடங்களையெல்லாம் மேலே தூக்கி, சத்தமான இடங்களை உச்சவரம்பில் கொண்டுபோய் முட்டவிட்டால், ஒலி அலையின் தலை கத்தியால் சீவினதுபோலத் தட்டையாகிவிடும். சிம்பல் அடிக்கிற ஒவ்வொரு முறையும் கரகரப்பு வருவது அதனால்தான். வால்யூமைக் குறைத்தால் கரகரப்பும் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். விலை கூடின ஹெட்ஃபோன் போட்டால் இன்னும் மோசம், கரகரப்பு துல்லியமாகக் கேட்கிறது. 13 பாட்டு, 67 நிமிடம். பாதியிலேயே காது சோர்ந்துவிடுகிறது. பாட்டு அலுத்ததால் அல்ல, ஓய்வே கிடைக்காததால்.

இதில் என்னை அதிகம் வருத்துவது 'சீக்ரெட் டச்'. மெல்ல ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, நடுவில் கெடி லீயின் பேஸ் வெறிகொண்டு புறப்படும் பாட்டு அது. ஏற்றம் என்றால் கீழே ஓர் இடம் வேண்டாமா? 2002 பதிப்பில் தொடக்கமும் உச்சமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கின்றன. மூன்று பேர் மாதக்கணக்கில் கட்டினதைக் கடைசிக் கட்டத்தில் சமதளமாக்கிவிட்டார்கள். கோபம் வருகிறது.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். மாஸ்டரிங், அதாவது சிடிக்குப் போகுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை, செய்தவர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. ஒலிப்பதிவிலும், தனித்தனித் தடங்களை ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸிங்கிலுமே அளவு மீறியிருந்தது என்பதைக் குழுவினரே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். போதாததற்கு, 1975-ல் வந்த 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்'-க்குப் பிறகு கீபோர்டே இல்லாமல் அவர்கள் செய்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது. அந்த இடத்தை லைஃப்சன் கிட்டார்மேல் கிட்டாராக அடுக்கி நிரப்புகிறார். வழக்கமான கிட்டார் சோலோவைத் தேடினால் ஏமாற்றம்தான். கெடி லீயும் தன் குரல்மேல் தன் குரலையே அடுக்குகிறார். இவ்வளவு நெருக்கமான இசைக்கு மூச்சுவிட இடம் மற்ற ஆல்பங்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. கிடைத்தது மற்ற எதையும்விடக் குறைவு.

பாட்டுகள் நல்லவை என்பதற்கு அத்தாட்சி அதே வருட நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் பதிவான கச்சேரி. அதில் 'எர்த்ஷைன்', 'ஒன் லிட்டில் விக்டரி', 'கோஸ்ட் ரைடர்', 'சீக்ரெட் டச்' நான்கும் உண்டு. கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவில் எடுத்த அந்தப் பதிவே ஸ்டுடியோ பதிப்பைவிடத் தெளிவாக இருப்பதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

2009-ல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாட்டை மட்டும் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். முழு ஆல்பத்தையும் டேவிட் பாட்ரில் ரீமிக்ஸ் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். முடிந்த பதிவின் ஒலியை மட்டும் திருத்துகிற வெறும் ரீமாஸ்டர் இல்லை, தனித்தனித் தடங்களிலிருந்து மறுபடி கட்டியது. ஒன்றாக ஒட்டிக்கிடந்த கிட்டார்கள் பிரிந்து இடமும் வலமுமாகப் போய் நிற்கின்றன. 'ஹவ் இட் இஸ்' பாட்டில் தந்தியில் விரல் படுவது கேட்கிறது. 'ஃப்ரீஸ்' பாட்டின் கோணல் தாளத்தில் பியர்ட் எங்கே இடைவெளி விடுகிறார் என்பது இப்போதுதான் பிடிபடுகிறது. 'சீக்ரெட் டச்' ஏற வேண்டிய இடத்தில் ஏறுகிறது. 'எர்த்ஷைன்' ரஷ்ஷின் எந்தக் காலத்துப் பாட்டோடும் சரிசமமாக நிற்கும். பெயர்ப் பாட்டான 'வேப்பர் ட்ரெயில்' மறைந்து போகிறவர்களைப் பற்றியது. அதை இவ்வளவு தெளிவாகக் கேட்க, அதுவும் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்த பிறகு கேட்க, சில நாள் மனசுக்குத் தெம்பு வேண்டியிருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ரீமிக்ஸ்தான், சந்தேகமே வேண்டாம். பெயரோடு 'ரீமிக்ஸ்டு' என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பழைய சிடி கடையில் மலிவாகக் கிடைக்கிற 2002 பதிப்பை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் என்னுடைய 2002 சிடியை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. 'ஒன் லிட்டில் விக்டரி'யை மட்டும் எனக்கு அதில்தான் கேட்க வேண்டும். ரீமிக்ஸில் அந்த டிரம்ஸ் அழகாக, தன் இடத்தில் இருக்கிறது. பழையதில் அது சுவரை இடித்துக்கொண்டு வருகிறது. அந்த மனிதர் திரும்பி வந்த விதத்துக்கு இதுதான் பொருத்தம் என்று என் காது சொல்கிறது, நான் மேலே எழுதின அத்தனைக்கும் எதிராக. மற்ற 12 பாட்டுக்கும் எனக்கு ரீமிக்ஸ் போதும். 2002-ல் சத்தம் தாங்காமல் பாதியில் நிறுத்தியவர்கள், இப்போது எட்டாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதுதான் 'சீக்ரெட் டச்'.